பொதுவேலைக்குப் போகிறவங்களுக்கு சாப்பாட்டுக் காசு கொடுக்கலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "அரசியல்வாதிகளுக்கும் தொண்டர்களுக்கும் படியும் சாப்பாட்டுச் செலவும் கொடுக்கலாமா?" என்பது. தலைப்பைக் கேட்ட உடனே பக்கத்தில் இருந்த எங்க மயினி சொன்னாங்க: "இதில் பேச என்ன கெடக்கு? கூடாதுண்ணு ஒரே வார்த்தையில் சொல்லிட்டு இறங்கி வா." மூணு நாலு வருசத்துக்கு முன்னாடி என்றால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சொல்லவும் செய்தேன். ஆனா அன்றைக்கு நான் சொன்னது ஒரு எம்.எல்.ஏ.வைப் பார்த்து இல்லை. நம்ம கூட்டமைப்பில் பொருளாளராக இருந்த ஒரு அக்காவைப் பார்த்து. அந்தக் கதையில் இருந்தே தொடங்குகிறேன். அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "எனக்கப் பேரு மட்டும் வேண்டாம், மற்றபடி நடந்ததைச் சொல்லு" என்றார்கள்.

அந்த அக்கா அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவங்க. கொட்டை உடைக்கிற வேலை. அந்த வேலை எப்படி என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். கூலி கிலோக் கணக்கு. உடைச்சால் காசு, போகாத நாளைக்கு ஒன்றும் கிடையாது. பொருளாளர் என்றால் மாதம் ஒரு நாள் கூட்டம், ஒரு நாள் பாங்கு. கடன் வாங்கும் நேரமானால் நாலைந்து நாள் அலைச்சல். நாகர்கோவிலுக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் அன்றைக்கு முழுநாளும் மினக்கேடு. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது. அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனா டிக்கெட் மிச்சமானதால் வயிறு நிறையாது, போன கூலியும் திரும்ப வராது.

ஒரு மாதக் கூட்டத்தில் அந்த அக்கா எழுந்து கேட்டாங்க: "பாங்குக்குப் போற நாளைக்கு ஒரு சாயாக் காசும் சாப்பாட்டுக் காசுமாவது கூட்டமைப்பில் இருந்து தந்தா நல்லது." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான்தான் எழுந்தேன். "இது சேவை அக்கா. சேவைக்கும் காசு கேட்டா, நமக்கும் கட்சிக்காரங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

அந்த அக்கா பதில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழிந்து உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிப் பொறுப்பை விட்டுட்டாங்க. "அவளுக்கு இப்ப ஆர்வம் இல்ல" என்று நாமே பேசிக்கொண்டோம். அவங்களுக்குப் பதிலாக வந்தவங்க வீட்டில் ஆள் வெளிநாட்டில் வேலை. வீட்டில் ஸ்கூட்டி இருக்கு. அவங்க மேல் ஒரு குறையும் இல்லை, கணக்கைக் கண்ணாடி மாதிரி வைத்தாங்க. ஆனா அதற்குப் பிறகு கவனித்தால், நிர்வாகக் குழுவில் கூலிவேலைக்குப் போகிற ஒருத்தி கூட இல்லை. யாரையும் நாம் வரக்கூடாது என்று சொல்லவில்லை. அவங்களாகவே வரவில்லை.

அதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் மழைக்காலத்தில் தெரிந்தது. தவணை தவறினால் அபராதம் என்று அந்தக் குழு ஒரு தீர்மானம் போட்டது. நியாயமான தீர்மானம்தான். ஆனா நம்ம ஊரில் ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் காலையில் மழை பெய்தால் ரப்பர் பால்வெட்டு கிடையாது. பால்வெட்டு இல்லை என்றால் அந்த வீட்டில் கூலி இல்லை. மாசி, பங்குனியில் மரம் இலை உதிர்த்து நிற்கும்போதும் அதே கதை. மேசையைச் சுற்றி இருந்த ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் அவங்க யார் வீட்டிலும் பால்வெட்டுக்குப் போகிற ஆள் இல்லை. அந்த வருடம் அபராதம் கட்டினவங்க பேரை வாசித்தால் பாதிக்கு மேல் பால்வெட்டுக்காரங்க வீடுகள். ஒரு குழுவில் இரண்டு பேர் நின்றே போய்ட்டாங்க. அந்த அக்கா அங்கே இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாங்க: "மழையில் எவ வீட்டில பைசா இருக்கும்?"

பிறகு ஒருநாள் மீன் சந்தையில் அவங்களைப் பார்த்தேன். "நெசத்துக்கு ஏன் அக்கா விட்டீங்க?" என்று கேட்டேன். அவங்க சிரித்துக்கொண்டுதான் சொன்னாங்க. ஒருநாள் எல்லாக் குழுக்களின் தவணைப் பணத்தையும் பையில் வைத்துக்கொண்டு பாங்குக்குப் போயிருக்காங்க. அறுபதாயிரத்துக்கு மேலே இருக்கும். காலையில் பழஞ்சி குடிக்கவும் நேரமில்லை. பாங்கில் பணம் கட்டி முடிய மணி மூணு. "உச்சைக்கு ஒரு சாயா கூட குடிக்கல்ல மக்களே. எனக்கு உள்ளது நாற்பது ரூவா. அதுக்கு வீட்டுக்கு மீன் வாங்கணும். பஸ் ஸ்டாண்டில தலை சுத்தி உட்காந்துட்டேன். பையை மட்டும் நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தேன்" என்றாங்க.

நமக்கெல்லாம் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவாவைத் தெரியும். ஜீவானந்தம் அவர்கள் 1952-ல் சென்னை வண்ணாரப்பேட்டையில் இருந்து எம்.எல்.ஏ. ஆனவர், 1963-ல் இறந்தார். கட்சிக்கு வசூலித்த பணம் கையில் இருக்கும்போதும், அது கட்சிப் பணம் என்று தன் பசிக்கு அதில் இருந்து ஒரு காசும் எடுக்காமல் இருந்தார் என்று மேடையில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கோம். கேட்டு நாம் கண் கலங்கியிருக்கோம். நம்ம கூட்டமைப்பில் ஒரு அக்கா அதையே செய்திருக்காங்க. நாம் அவங்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொன்னோம்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. பட்டினியை ஒருத்தர் தானே ஏற்றுக்கொண்டால் அது தியாகம். வயிறு நிறைய சாப்பிட்ட நாம் சேர்ந்து, "நீ சாப்பிடாமல் செய், அதுதான் சேவை" என்று இன்னொருத்தி தலையில் வைத்தால் அது தியாகம் இல்லை. ஜீவா மாதிரி ஆயிரத்தில் ஒருவர் வருவார். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது பேரை நம்பித்தானே சட்டம் போட வேண்டும்? படி இல்லை என்று வைத்தால் இரண்டு விதமான ஆட்கள்தான் பொறுப்புக்கு வருவாங்க. வீட்டில் வசதி உள்ளவங்க, இல்லை என்றால் வேறு வழியில் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவங்க. கூலிக்காரி வரமாட்டாள்.

இதைப் பேசுவதற்காக என் மகளோடு நூலகத்தில் போய்ப் பார்த்தேன். இது நமக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. நம்மை ஆண்ட வெள்ளைக்காரங்க நாட்டில், லண்டன் பாராளுமன்றத்தில் உறுப்பினருக்கு 1911 வரைக்கும் சம்பளம் கிடையாது. சேவை என்றுதான் சொன்னாங்க. அதனால் யார் வந்தாங்க? நிலமும் பணமும் உள்ளவங்க வந்தாங்க. எங்களில் ஒருத்தர் அங்கே போக வேண்டுமென்றால் சம்பளம் வேண்டும் என்று 1838-லேயே அங்குள்ள தொழிலாளர்கள் கோரிக்கை வைத்தாங்க. எழுபது வருடத்துக்கு மேல் போராடித்தான் வருடத்துக்கு 400 பவுண்டு என்று வந்தது. ஆக, படி என்பது முதலில் பணக்காரங்க கேட்டு வந்தது இல்லை. ஏழைகள் கேட்டு வாங்கினது.

இப்போ நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நம்ம திருவட்டாறு மாதிரி பேரூராட்சிகளில் 2023 ஜூலை முதல் மதிப்பூதியம் கொடுக்கிறாங்க. தலைவருக்கு மாதம் 10,000, துணைத்தலைவருக்கு 5,000, வார்டு உறுப்பினருக்கு 2,500 ரூபாய். மாதம் 2,500 என்றால் பெரிய காசு இல்லை. ஆனா ஒரு கூலிக்காரப் பெண் வார்டில் நின்று ஜெயித்தால், தண்ணீர் வரவில்லை, லைட் எரியவில்லை என்று அலைகிற நாளுக்கு அவள் வீட்டில் அடுப்பு எரிய அது உதவும். அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன்.

"அப்போ எம்.பி., எம்.எல்.ஏ. வாங்குகிறதும் சரிதானா?" என்று கேட்பீங்க. கேட்கணும். 2017-ல் தமிழ்நாடு எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளம் 55,000-ல் இருந்து 1,05,000 ஆனது. எம்.பி.க்களுக்கு 1,00,000 ஆக இருந்ததை 1,24,000 ஆக்கினதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அதுவும் 2023 ஏப்ரலில் இருந்து கணக்குப் போட்டு. கூட்டம் நடக்கிற நாளில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் நாள்படி 2,000 ஆக இருந்தது 2,500 ஆனது. அதே 2025-ல் நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்க. அவங்க ஒரு நாள் படி, நம்ம ஏழு நாள் கூலிக்கும் மேலே. அவங்க படி சம்பளத்துக்கு மேலே கிடைப்பது. நமக்குக் கூலி மட்டும்தான், சாப்பாடு வீட்டில் இருந்து தூக்குப்பாத்திரத்தில்.

எனக்கு வருத்தம் அவங்க வாங்குகிறதில் இல்லை. வருத்தம் இரண்டு விஷயத்தில். ஒன்று, எவ்வளவு என்று அவங்களே சட்டம் போட்டுக்கொள்கிறாங்க. பாராளுமன்ற உறுப்பினர் சம்பளத்தைப் பாராளுமன்றமும், சட்டமன்ற உறுப்பினர் சம்பளத்தைச் சட்டமன்றமும் தீர்மானிக்கலாம் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கு. நம்ம கூலியை நாமே தீர்மானிக்க யாராவது விடுவாங்களா? இரண்டாவது, ஒரு எல்லை வேண்டும். 1931-ல் கராச்சியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், அரசாங்கத்தில் இருக்கிற யாருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டாங்க. 1937-ல் மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிகள் வந்தபோது அந்த 500-ஐ எடுத்தாங்க. காந்தி காலத்திலும் சம்பளமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இதுக்கு மேலே வேண்டாம் என்றுதான் சொன்னாங்க.

பாராளுமன்றக் கேன்டீன் கதையும் நமக்குத் தெரியும். ரொம்ப காலம் அங்கே சாப்பாடு மானிய விலையில் கிடைத்தது. வெளியே விலை ஏறும்போதெல்லாம் அந்த விலைப்பட்டியலைப் பார்த்து நாட்டில் எல்லாரும் கோபப்பட்டாங்க. 2021-ல் அந்த மானியத்தை நிறுத்திட்டாங்க. ஆக, நாம் வாய் திறந்து கேட்டால் மாறும்.

கூலிக்காரங்களுக்கும் படி என்று சட்டத்தில் ஒன்று இருந்தது, நிறைய பேருக்குத் தெரியாது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை நடக்கும் இடம் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் கூலியில் நூற்றுக்குப் பத்து கூடக் கொடுக்கணும் என்று எழுதியிருந்தது. போக்குவரத்துக்கும் மற்ற செலவுக்கும். வேலை இடத்தில் நிழலும் குடிதண்ணீரும் இருக்கணும் என்றும் இருந்தது. எம்.பி.யின் படி மாதிரித்தான் இதுவும். ஆனா அவங்க படி கேட்காமலே வரும், நம்ம படி கேட்டாலும் சிலசமயம் வராது. கேட்கத் தெரிந்திருக்கணும்.

அடுத்தது தொண்டர்கள். தேர்தல் நேரத்தில் வீடு வீடாக வெயிலில் நடக்கிற பிள்ளைகளுக்குச் சாயாவும் சாப்பாடும் வாங்கிக் கொடுப்பது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. தேர்தல் கமிஷனும் அதைத் தடுக்கவில்லை. கணக்கில் காட்டு என்றுதான் சொல்லுது. சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் நம்ம மாநிலத்தில் 40 லட்சம் வரைதான் செலவு செய்யலாம் என்று 2022-ல் எல்லை வைத்திருக்காங்க. சாயா எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் விலைப்பட்டியல் போட்டு, அந்தக் கணக்கில்தான் சேர்ப்பாங்க.

ஆனா இன்னொன்று இருக்கு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கு, சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுசாகாது. நம்ம குழுக்களை ஆள் கூட்டும் இடமாக நினைத்து, கூட்டத்துக்கு வேன் அனுப்புகிறாங்க. நானும் ஒரு தடவை போனேன். பொதிச்சோறு, தண்ணீர் பாட்டில், வீட்டுக்கு வரும்போது கையில் முந்நூறு ரூபாய். ராத்திரி என் மகள் கேட்டாள், "அங்க என்ன பேசினாங்க அம்மா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கேட்கப் போகவில்லை, எண்ணிக்கைக்குப் போயிருந்தேன். அந்த முந்நூறு ரூபாயும் சாப்பாட்டுக் காசுதான், படிதான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. நாம் நம்பிச் செய்கிற வேலைக்குப் போக வழிச்செலவு கொடுத்தால் அது படி. நாம் நம்புகிறோமா இல்லையா என்று கேட்காமலே ஆளைக் கொண்டு உட்கார வைக்கக் கொடுத்தால் அது வாடகை. இரண்டுக்கும் சோறு ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசத்தை நாம்தான் பார்க்கணும்.

கடைசியாக, நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்லணும். மீன் சந்தையில் அந்த அக்காவைப் பார்த்த பிறகு வந்த கூட்டத்தில் நான் எழுந்து, முன்னே சொன்னது தப்பு என்று சொன்னேன். கை தட்டல் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரம் வாக்குவாதம். "ஒருத்திக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பினும்" என்றாங்க. "உறுப்பினர் சேமிப்பில் கை வைக்கலாமா?" என்றாங்க. நல்ல கேள்விகள். அதனால்தான் தீர்மானமும் நல்லபடியாக வந்தது.

உறுப்பினர்களின் சேமிப்பைத் தொடக்கூடாது, குழுக்கள் கட்டுகிற சந்தாவில் இருந்துதான் கொடுக்கணும். பஸ் செலவு ஆனதுதான் தரணும். மத்தியானம் தாண்டினால் சாப்பாட்டுக்கு 80 ரூபாய். முழுநாள் போனால் மினக்கேட்டுக்கு 200 ரூபாய். தலைவி ஆனாலும் முதல் தடவை போகிற உறுப்பினர் ஆனாலும் தொகை ஒன்றுதான். மாதச் சம்பளமாகக் கிடையாது, போன நாளுக்கு மட்டும். வாங்குகிறவங்க தொகையைத் தீர்மானிக்கக்கூடாது, வருடம் ஒருமுறை பொதுக்குழு தீர்மானிக்கும். யார், எந்தத் தேதி, எந்த வேலைக்கு, எவ்வளவு என்று எழுதி மாதக் கூட்டத்தில் வாசிக்கணும். வேண்டாம் என்கிறவங்களும் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிறகு விருப்பமானால் நன்கொடையாகத் திரும்பக் கட்டலாம். இந்தக் கடைசி விதியைச் சொன்னது வெளிநாட்டுக்காரர் வீட்டு அந்தப் பொருளாளர்தான். "நான் வாங்காம இருந்தா, வாங்குறவளுக்குக் குறைச்சலா இருக்கும்" என்றாங்க. அந்த நல்ல மனசை நான் மறக்கமாட்டேன்.

போன வருடம் வாசித்த கணக்கைப் பார்த்தால், இதனால் கூட்டமைப்பு ஒன்றும் முங்கிப் போகவில்லை. இப்போ நிர்வாகக் குழுவில் பால்வெட்டுக்குப் போகிற வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கா, அண்டி ஆபீஸுக்குப் போகிறவ ஒருத்தி இருக்கா. மழைக்காலத் தவணைக்கு ஒரு மாதம் சாவகாசம் என்று தீர்மானத்தை மாற்றினது அவங்கதான். பழைய அக்காவைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டோம். "எனக்கு இப்ப முட்டு வலி. சின்னப் பிள்ளையள் போகட்டும், சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லிட்டாங்க. அவங்க அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்ததற்கு நாம் பதில் செய்ய முடியாது. இனி ஒருத்தி அப்படிப் போகாமல் பார்க்கலாம்.

ஆக, எனக்குத் தந்த கேள்விக்கு என் பதில் இது. அரசியல்வாதி ஆனாலும், தொண்டர் ஆனாலும், நம்ம பொருளாளர் ஆனாலும் பொதுவேலைக்குப் போகிறவங்களுக்குச் சாப்பாட்டுக் காசு கொடுக்கணும். அதை வாங்குகிறவங்க தாங்களாகத் தீர்மானிக்கக்கூடாது. எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்கணும். அதே மரியாதை வேலைக்குப் போகிற கூலிக்காரிக்கும் கிடைக்கணும். அடுத்த மாதம் பொதுக்குழு வருது. அந்த 80 ரூபாய் இன்றைய விலைக்குப் போதுமா என்று அங்கே பேசுவோம். எல்லாரும் வாங்க, கேள்வி கேளுங்க.